தோட்ட ஒபிஸின் பழைய கணினியைக் கையாளும் முறை

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டமொன்றில் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) இன்னும் டொஸ் புரோகிராமில், அதாவது விண்டோஸுக்கு முந்திய பழைய முறையில், ஓடினால், "புதுசு வாங்குங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். சம்பள நாள் நெருங்கும்போது எதையும் மாற்றவும் வேண்டாம்.

முதல் வேலை ஹாட் டிஸ்கைப் பிரதி எடுப்பது. டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடப்டரில் (பழைய டிஸ்கை யுஎஸ்பி வழியாக வேறு கணினியில் இணைப்பது) மாட்டி, முழு டிஸ்கையும் இமேஜாக, அதாவது உள்ளதை உள்ளபடியே அச்சுப் பிரதியாக, எடுங்கள். ஃபைல்களை மட்டும் கொப்பி பண்ணினால் திரும்ப பூட் ஆகாது. டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் டிடிரெஸ்கியூ என்ற டிஸ்க் மீட்புப் புரோகிராமைப் போடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுத்தான் பழுதான இடங்களோடு மல்லுக்கட்டும்.

திகதி 2000க்கோ அதற்கு முன்னோ போயிருந்தால் மதர்போர்ட் பற்றரி செத்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட். கழற்றுமுன் பயோஸ் (கணினியின் அடிப்படை செட்டிங்) திரைகளைப் போனில் படமெடுங்கள். திகதியைச் சரிசெய்யாமல் பேர் போட்டால் (வேலைநாளைப் பதிந்தால்) கைக்காசும் சேமலாப நிதியும் வேறு மாதத்தில் போய் விழும்; பிறகு கிளாக்கரையாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

மழைக்காலத்தில் ஆன் ஆகாமல் பீப் அடித்தால் ரேமைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். கரண்ட் போனபின் ஃபொக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தளப் புரோகிராமில் பெயர்கள் காணாமல் போனால் அநேகமாக இண்டெக்ஸ்தான் (பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் பட்டியல்) கெட்டிருக்கும்: கொப்பி எடுத்துவிட்டு ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள்.

64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓடாது. அதனால் புது மெஷினுக்குள்ளேயே 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை வேர்ச்சுவலாக (கணினிக்குள் இன்னொரு கணினிபோல) போட்டு, அதில் பழைய புரோகிராமை ஓட்டலாம். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்ததால், இன்டர்நெட் மட்டும் கொடுக்காதீர்கள்.