சுங்கை சிப்புட்டில் இருந்தபடியே 1954 மோரிஸ் மைனருக்குப் பழைய பாணி வயர் சாமான் சேர்ப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊர் சுங்கை சிப்புட். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) ஓட்டிய மோரிஸ் மைனர் காடி, அதாவது பழைய பிரிட்டிஷ் கார், இப்போது என் வீட்டுப் பந்தலின் கீழ் நிற்கிறது. 1954-ஆம் ஆண்டு வண்டி. முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும். திரும்பும்போது பக்கத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை நீட்டும். தகரம், எஞ்சின் எல்லாம் ஓரளவு ஒழுங்கு. வயரைத் தொட்டால்தான் கையோடு பொடியாக வந்தது.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து வயரின் உள்ளுறை ரப்பர், மேலே பருத்தி நூல் பின்னல். என் பாட்டி விடியற்காலையில் சீவிய பால்மரத்தின் பால் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய், வயர் உறையாகிக் கிராணியின் காடியில் திரும்பி வந்திருக்கலாம் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். ஆகவே இருந்த வயரைக் காப்பாற்ற வழியில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

முதல் தடவை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். வயரிங் வேலையை விட, அதற்கான சாமானைச் சரியாக வாங்குவதில்தான் எனக்குக் காசும் மாதங்களும் போயின.

படி 1: கழற்றுவதற்கு முன்

முதலில் பேட்டரி. இந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய காடிகளுக்கு நேர் எதிர். பாடியோடு இணைந்த முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும், ஆகவே இங்கே பாசிட்டிவ் முதலில். பழக்கதோஷத்தில் நெகட்டிவ்விலிருந்து ஆரம்பித்து, ஸ்பேனர் பக்கத்துத் தகரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

பிறகு படம் எடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. பழைய வயர்க் கட்டை வெட்டாமல், முடிந்தவரை ஒரே துண்டாக உருவி எடுங்கள். ஒரு பழைய பிளைவுட் பலகையில் அதைக் கிளை கிளையாகப் பரப்பி, திருப்பங்களில் ஆணி அடியுங்கள். புதிய கட்டையும் இதே பலகையில்தான் கட்டப் போகிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பலகை தீபாவளி வரை கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

படி 2: பட்டியல் எழுதுவது

ஒரு நோட்டில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு வரி: எங்கிருந்து எங்கே, நிறம், நீளம், இழை எத்தனை, இரு முனையிலும் என்ன மாட்டியிருக்கிறது. நீளத்தோடு ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் கண்டுபிடிப்பதுதான் பாடு. எழுபது வருடத் தூசியில் எல்லாமே கரிநிறமாகத் தெரியும். கிளிப் பிடித்திருந்த இடம், ரப்பர் வளையத்துக்குள் மறைந்திருந்த இடம், இணைப்பு உறைக்குள் இருந்த கடைசி அங்குலம், இங்கெல்லாம் வெயில் பட்டிருக்காது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் நிறம் எழும்பும்.

இந்த வண்டிகளின் மின்சாமான்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் நிற முறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் வருவது. அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டி வந்தால் பச்சை. தலைவிளக்குக்கு நீலம், அதில் வெள்ளைக் கோடு இருந்தால் தூர வெளிச்சம், சிவப்புக் கோடு இருந்தால் தாழ்ந்த வெளிச்சம். சிறுவிளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு. பாடியோடு சேர்வது கறுப்பு. டைனமோவுக்கு இந்தக் காலத்து வண்டிகளில் மஞ்சளும், பச்சைக் கோடிட்ட மஞ்சளும். பிற்கால வண்டிகளில் அவை பழுப்பு-மஞ்சள், பழுப்பு-பச்சை என்று மாறின. இணையத்தில் கிடைக்கும் வரைபடம் உங்கள் வண்டியின் ஆண்டுக்கு உரியதுதானா என்று இதை வைத்தே ஒரு சோதனை போடலாம்.

படி 3: தடிமன்

பழைய கையேடுகளில் 14/.012, 28/.012, 44/.012 என்று போட்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஓர் இழையின் விட்டம், அங்குலக் கணக்கில். .012 அங்குலம் ஏறக்குறைய 0.30 மில்லிமீட்டர். அதனால் இன்று 14/0.30, 28/0.30, 44/0.30 என்று விற்பதை அப்படியே வாங்கலாம். 14 இழை வயர் சுமார் 8.75 ஆம்பியர் தாங்கும், 28 இழை 17.5 ஆம்பியர், 44 இழை 25-க்கு மேல்.

கணக்குப் போடுவதும் சுலபம். என் வண்டியின் தலைவிளக்கு ஒவ்வொன்றும் 42 வாட். இரண்டும் சேர்ந்தால் 84. 12 வோல்ட்டால் வகுத்தால் 7 ஆம்பியர். ஒவ்வொரு விளக்குக்கும் தனியே பிரிந்து போகும் கிளைக்கு 14 இழை போதும். இரண்டுக்கும் சேர்த்துச் சுவிட்சிலிருந்து வரும் வயருக்கு 28 இழை போடுங்கள். 7 என்பது 8.75-க்குள்தானே என்று கேட்கலாம். கட்டாகச் சேர்த்துச் சுற்றிய வயருக்குச் சூடு வெளியேற வழியில்லை. நம் ஊர் மத்தியான வெயிலில் பானெட் வேறு கொதிக்கும். டைனமோவின் முக்கிய வயரில் 20 ஆம்பியர் வரை ஓடும், அதற்கு 44 இழை.

ஸ்டார்ட்டர் வயர் வேறு ஜாதி. 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து எடைக்குக் கூலி கட்டாதீர்கள். வெல்டிங் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

படி 4: துணி வயர்

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஈப்போவில் ஒரு கடையில் துணி பின்னிய வயரைப் பார்த்ததும் இருபது மீட்டர் வாங்கிவிட்டேன். பார்க்க அப்படியே அந்தக் காலம். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இரண்டு மெல்லிய வயர் முறுக்கியிருக்கிறது. காப்பிக் கடைகளில் தொங்கவிடும் அலங்கார விளக்குக்கு உள்ள வயர் அது. பின்னலும் பாலியெஸ்டர், பளபளவென்று மின்னியது. பக்கத்து வீட்டு மாமா அந்தக் காலத்துக் காடி வயர்மேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இத வச்சி சாமி மேடைக்கு லைட் போடு" என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தேன்.

நீங்கள் கேட்க வேண்டியது: ஒற்றை வயர், உள்ளே பிவிசி உறை, மேலே பருத்திப் பின்னல், அதன்மேல் வார்னிஷ் போன்ற லாக்கர் பூச்சு. பழைய மாதிரி உள்ளேயும் ரப்பர்தான் வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். பின்னலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. பிவிசி இருந்தால் நீங்கள் நிம்மதியாக ஓட்டலாம். லாக்கர் பூச்சு கட்டாயம். பூச்சில்லாத பருத்தி நம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துப் பூசணம் பூக்கும்.

இந்த வகை உள்ளூரில் எனக்குக் கிடைக்கவில்லை. நாட்டிங்ஹாம் பக்கத்தில் இருக்கும் ஆட்டோஸ்பார்க்ஸ் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் மீட்டர் கணக்கில் விற்கின்றன. முழு வயர்க் கட்டையே வண்டி மாடலுக்கு ஏற்பச் செய்தும் தருகின்றன. முழுக்கட்டு வாங்கினால் நேரம் மிச்சம், காசு செலவு. கூடுதல் விளக்கு எதுவும் சேர்க்காமல் வண்டியை அசல்படியே வைக்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. எனக்கு வண்டியின் பின்பக்கத்தில் மின்னும் விளக்கும் வேண்டியிருந்தது, அதனால் மீட்டர் வழிக்குப் போனேன்.

செலவைப் பற்றி ஒன்று. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தபால் செலவோடு இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பட்டியலை முடித்துவிட்டு ஒரே தடவையில் ஆர்டர் செய்யச் சொல்வதும் அதனால்தான். நான் மூன்று தடவை ஆர்டர் செய்து, மூன்று தடவையும் தபால் கூலி அழுதேன்.

கோடு போட்ட நிறங்கள் எல்லாம் கிடைக்காமல் போகலாம். அப்போது அடிப்படை நிறத்தை மட்டும் வாங்கி, இரு முனையிலும் எண் போட்ட சின்ன வளையம் மாட்டிவிடுங்கள். மின்பலகை செய்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். எண்ணை நோட்டில் எழுத மறக்காதீர்கள்.

படி 5: செம்புதானா?

உள்ளூரில் வாங்கும் எந்த வயரானாலும் ஓர் இழையைப் பிரித்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் வெள்ளை என்றால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அதே தடிமனில் அது செம்பைவிடக் குறைவான மின்சாரமே தாங்கும், முனைகளில் சீக்கிரம் கெட்டும் போகும்.

இதற்கு நேர்மாறாக, பழைய வயரைச் சுரண்டினால் மேலே வெள்ளையும் உள்ளே சிவப்பும் தெரியலாம். அது நல்ல சாமான், வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பைக் கறுக்க வைக்கும் என்பதால் அப்படிப் பூசினார்கள்.

படி 6: முனைகள்

பிரிட்டிஷ் வண்டிகளின் புல்லட் முனை (வயர் நுனியில் மாட்டும் குண்டு வடிவ உலோக முனை) 4.7 மில்லிமீட்டர். நம் ஊர்க் காடிச் சாமான் கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஜப்பான் வண்டிகளுக்கானது, சுமார் 4 மில்லிமீட்டர். அதைப் பிரிட்டிஷ் உறையில் மாட்டினால் மாட்டியது போலவே இருக்கும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் விளக்கு கண் சிமிட்டும். ஆகவே புல்லட், அதன் கறுப்பு ரப்பர் உறை (ஒன்றுக்கு ஒன்று சேர்ப்பது, நான்கு சேர்ப்பது என இரு வகை) எல்லாவற்றையும் வயரோடு சேர்த்தே வரவழையுங்கள். 14 இழைக்கும் 28 இழைக்கும் புல்லட்டின் துளை வேறு. பட்டியலில் எண்ணிய கணக்கைவிடப் பத்து கூடுதலாக எடுங்கள். முதல் பத்தைக் கெடுத்துத்தான் கை பழகும்.

சோல்டர் வைப்பதானால் நடுவில் ரோசின் உள்ள ஈயக் கம்பி மட்டும். ஹார்ட்வேர் கடையில் தகர வேலைக்கு விற்கும் அமிலத்தைத் தொடாதீர்கள். அது மிச்சம் நின்று செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும்.

படி 7: ஃபியூஸ்

இந்த வண்டியில் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டே இரண்டு, பக்கத்தில் இரண்டு உபரி. கண்ணாடிக் குழாய் வகை, 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இது தெரியாமல் வண்டியை எரித்துவிடக் கூடாது: லூக்காஸ் எழுதிய 35 என்பது ஃபியூஸ் அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17.5. இன்றைய ஃபியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. உள்ளூரில் 35 என்று பார்த்து வாங்கி மாட்டினால், ஃபியூஸுக்கு முன்னால் வயர்தான் எரியும். லூக்காஸ் வகை கிடைக்காவிட்டால் 15 ஆம்பியர் போடுங்கள். நீளம் ஒன்றே கால் அங்குலம். வானொலிக்குப் போடும் குட்டை ஃபியூஸ் கவ்வியில் நிற்காது.

படி 8: சுங்கை சிப்புட்டிலேயே கிடைப்பவை

ரப்பர் வளையம், கிளிப், திருகு, ஈயக் கம்பி எல்லாம் கடைவீதி ஹார்ட்வேரில் உண்டு. தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) பழைய வளையத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வேறு எதையாவது நீட்டுவார்.

கட்டைச் சுற்றுவதற்குப் பசை டேப் வேண்டாம். பானெட் சூட்டில் பசை இளகிக் கறுப்புச் சேறாக ஒழுகும். பசையில்லாத பிவிசி டேப்பை வயரோடு சேர்த்து ஆர்டர் செய்யலாம். நான் துணிக் கடையில் அரை அங்குலப் பருத்தி நாடா வாங்கி, பாதி பாதி மேலேறச் சுற்றி, அரக்கு வார்னிஷ் இரண்டு கை பூசினேன். பழுப்பேறி, பார்ப்பதற்கு அசலை விட அசலாக இருக்கிறது. எலிக்கும் அந்த வாடை பிடிக்கவில்லை போலும், இதுவரை கடிக்கவில்லை.

படி 9: முதல் இணைப்பு

எல்லாம் மாட்டிய பிறகு பேட்டரியை நேராக இணைக்காதீர்கள். ஒரு முனையை மாட்டிவிட்டு, மற்ற முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில் 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்க, பல்ப் எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது; பல்ப் நடுவில் இருப்பதால் வயர் கருகாது, ஆற அமரத் தேடலாம்.

என்னுடையது எரிந்தது. மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புல்லட்டாகக் கழற்றச் சொன்னார். ஹார்ன் வயரைக் கழற்றியதும் பல்ப் அணைந்தது. ஸ்டியரிங் தூணுக்குள் நுழையும் இடத்தில் அந்த வயரை நானே கிளிப்பால் நசுக்கியிருந்தேன்.