சட்டம் வந்தது தெரியும், விதிகள் வந்தது தெரியுமா?

நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்பிரிவில் 'வகுத்துரைக்கப்பட்டவாறு' என்று வந்தால், மீதியை அரசு விதிகளாக எழுதப்போகிறது என்று பொருள். படிவம், கட்டணம், காலக்கெடு எல்லாம் அங்கேதான் இருக்கும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. அதற்கான விதிகள் வந்ததோ 2024 மார்ச் 11 அன்று.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, விதிகளின் வரைவு வெளியாகும்போது சும்மா இருந்துவிடுவது. தாய்ச் சட்டம் (விதி எழுத அதிகாரம் தந்த சட்டம்) முன்வெளியீடு தேவை என்று சொன்னால், வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபனைகளைப் பரிசீலித்தாக வேண்டும். சுற்றுச்சூழல் விதிகளில் இதற்கு 60 நாள் அவகாசம். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது ஊரடங்கு வேறு. டெல்லி உயர் நீதிமன்றம் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வரைவை வெளியிடச் சொன்னது. தமிழில் படிக்கவே கிடைக்காத வரைவுக்கு ஒரு மீனவரோ விவசாயியோ எப்படிக் கருத்து சொல்வார்? அந்த உத்தரவும் கூட, யாரோ வழக்குப் போட்டதால்தான் வந்தது.

அப்புறம், 'நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை. விதிகளை இரு அவைகளின் முன்னும் வைக்கிறார்கள், உண்மைதான். பெரும்பாலான சட்டங்களில் அதற்கு 30 நாள். ஆனால் விதி அதற்கு முன்பே அமலுக்கு வந்திருக்கும். திருத்தவோ நீக்கவோ இரு அவைகளும் ஒத்துப்போக வேண்டும். அவை முன் வைக்கத் தவறினால் விதி தானாகச் செத்துவிடும் என்பதும் சரியில்லை. 1979-ல் அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அரசு எழுதும் விதிகளை ஆராயும் சார்நிலைச் சட்டக் குழுக்கள் இரு அவைகளிலும் இருக்கின்றன. குறையை உங்கள் எம்.பி. மூலம் அங்கே கொண்டுபோகலாம்.

நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் 'இந்த விதி அநியாயம்' என்று மட்டும் வாதிட்டால் போதாது. தமிழ்நாட்டு மணல் குவாரி விதி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விதியை ரத்து செய்யக்கூடிய காரணங்களைப் பட்டியலிட்டது: அதிகாரமின்மை, அடிப்படை உரிமை மீறல், தாய்ச் சட்டத்தோடு முரண், அப்பட்டமான தன்னிச்சை போன்றவை. அழைப்பு துண்டித்தால் ஒரு ரூபாய் இழப்பீடு என்ற டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒழுங்குமுறை 2016-ல் விழுந்தது இப்படித்தான்.

துறை அனுப்பும் அறிவுறுத்தலான சுற்றறிக்கையையும், சட்டம் தந்த அதிகாரத்தில் எழுதும் விதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கையில் இருக்கும் அறிவிக்கையின் தொடக்கத்தைப் பாருங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தந்த அதிகாரம் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும்.