மேற்கு ஜன்னலில் தொடங்குங்கள்

மதுரை செல்லூரில் பதினொரு வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். படுக்கையறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. நாலுக்கு நாலு அலுமினிய ஸ்லைடிங், கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி. சித்திரை மாதச் சாயங்காலம் அந்தக் கண்ணாடியில் கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் வெயிலைத் தான் வாங்கிச் சூடேறி, அதில் ஒரு பங்கை அறைக்குள்ளேதான் விட்டது. ராத்திரி பதினொரு மணிக்கும் அறை ஆறாது. என் மாமியார் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, பாய்கூட இல்லாமல் படுப்பார். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மனை வாங்கியதும் நான் முதலில் யோசித்தது ஜன்னலைத்தான்.

கரண்டு பில் குறைய வேண்டும் என்று வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கடையில் ஆரம்பிக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு வரிசை வேறு. முதலில் திசை, அடுத்து நிழல், அப்புறம் ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்பது. கண்ணாடி கடைசியில்தான்.

பிளான் போடும் முன்பே சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மனையில் போய் நில்லுங்கள். ஆடியில் இன்னொரு நாள் போய், ஒரு கம்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி நட்டுப் பாருங்கள். எங்கள் மனையில் துணி நாள் முழுக்கக் கிழக்கு நோக்கியே பறந்தது. அதாவது காற்று வருவதும் மேற்கிலிருந்து, கொடும் வெயில் வருவதும் மேற்கிலிருந்து. அந்தப் பக்கத்தை அடைத்தால் காற்று போச்சு, திறந்து விட்டால் வெயில் உள்ளே. மதுரைப் பக்கம் வீடு கட்டும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

எங்கள் கொத்தனார், "ரெண்டடி சன்ஷேடு போட்டுருவோம்க்கா, வெயில் எப்படி வரும்?" என்றார். மேற்கே அது போதாது. சித்திரைப் பிறப்பை ஒட்டி மாலை நாலேகால் மணிக்கு மதுரையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது 2 அடி சன்ஷேடின் நிழல் மேற்குச் சுவரில் ஒன்றேகால் அடிகூட இறங்காது. 4 அடி உயர ஜன்னலில் மீதி முழுக்க வெயில்தான். தெற்கில் கதை வேறு. மார்கழி உச்சிவெயிலில்கூட அதே 2 அடி சன்ஷேடு 3 அடிக்கு நிழல் தரும். வடக்கே ஆனி மாத நண்பகல் வெயிலுக்கு 1 அடியே போதும். அதனால் பெரிய ஜன்னல்களைத் தெற்கிலும் வடக்கிலும் வையுங்கள். கிழக்கிலும் வெயில் தாழ்வாகத்தான் வரும். ஆனால் வீடு ராத்திரி ஆறியிருக்கும் என்பதால் அவ்வளவு உறைக்காது.

மேற்கே நாங்கள் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை என்று ஒதுக்கிவிட்டு, கூடத்துக்கு மட்டும் 2 அடி அகலம், 3 அடி உயரத்தில் இரண்டு ஜன்னல் விட்டோம். அதற்கு வெளிப்பக்கம் சாய்வுப் பலகைகள் கோத்த மரக்கதவு. பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வேப்பங்கட்டையில் ஆசாரி செய்து தந்தார். பலகை ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் காற்று வரும், வெயில் பலகையிலேயே நின்றுவிடும். நாலு மணிக்கு வெளிப்பலகையைத் தொட்டால் சுடும், உள்ளே கம்பியைத் தொட்டால் சுடாது. எங்கள் வீட்டில் நான் போட்ட காசில் இதைவிடப் பலன் தந்தது வேறில்லை. சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி ஒரு புங்கையும் வைத்தோம்.

சரி, எவ்வளவு திறக்க வேண்டும்? மத்திய அரசின் மின்துறை அமைச்சகம் 2018இல் கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, வெப்பமும் புழுக்கமும் உள்ள பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 12க்கு 10 அறை என்றால் 20 சதுர அடி. இங்கேதான் ஸ்லைடிங் காலை வாரும். நாலுக்கு நாலு ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும், 8 சதுர அடி. அதே அளவில் கீல் வைத்த இரட்டைக் கதவு ஜன்னல் என்றால் சட்டம் போக மீதி முழுக்கத் திறக்கும். எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்த காற்றுக்குப் போக வழியிருக்காது. கொசுவலையும் கொஞ்சம் காற்றைத் தடுக்கும் என்பதால் அளவைத் தாராளமாகவே வையுங்கள். கோடையில் காலை பத்து மணிக்குச் சாத்தி, பொழுது சாய்ந்தபின் திறந்து, விடிய விடியத் திறந்தே வைப்பதுதான் முறை. அதற்குத் தைரியம் வரும்படி கிரில் பலமாக இருக்க வேண்டும்.

ஃப்ரேமில் அலுமினியம் சூட்டைக் கடத்தும். மரமும் யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக்கும் அந்த அளவுக்குக் கடத்தாது. யுபிவிசி வாங்கினால் உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரட்டைக் கண்ணாடி ஏசி ஓடும் அறைக்கு மட்டும் போதும். ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு (சூட்டைக் கடத்தும் அளவு) ஏறக்குறைய 5.7, இரட்டைக்கு 2.8. அதாவது கடந்து வரும் சூடு பாதியாகும். ஆனால் சாதா இரட்டைக் கண்ணாடி, நேராக அடிக்கும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நிழல் இல்லாத ஜன்னலுக்கு அதை வாங்குவது வீண்செலவு. ராத்திரி திறந்து வைக்கும் அறைக்கும் தேவையில்லை.

கடைசியாக மழை. எங்கள் வடக்கு ஜன்னலின் அடிக்கட்டையை மட்டமாகப் பூசிவிட்டார்கள். முதல் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கி சுவர் ஊறிப்போச்சு. அடிக்கட்டைக்கு வெளிப்பக்கம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். சன்ஷேடின் அடிவிளிம்பில் விரல் அகலத்துக்குப் பள்ளமாகக் காடி எடுத்தால் தண்ணீர் சுவரோடு வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கு விடாமல் அடைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஒருவர் வெளியே ஹோஸ் பைப்பில் கால் மணி நேரம் தண்ணீர் பீய்ச்ச, நீங்கள் உள்ளே நின்று ஜன்னலின் நாலு மூலையிலும் கை வைத்துப் பாருங்கள்.