ரேடாரையும் கேமராவையும் இணைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஓட்டுநர் இல்லா காரில் ரேடார், கேமரா இரண்டையும் வைப்பதற்கான காரணம் எளிமையானது. ஒரு பொருள் எந்தத் திசையில் இருக்கிறது, அது என்ன என்பதெல்லாம் கேமராவுக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு தூரத்தில் என்பது அதற்குக் கணிப்புதான். ரேடாருக்குத் தூரமும் நெருங்கும் வேகமும் துல்லியமாகத் தெரியும். திசை மங்கல், பொருளின் அடையாளம் இன்னும் மங்கல். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. ஆனால் இணைக்கும் வேலையில் இறங்கியதும், எந்த சென்சார் எதில் உறுதி, எதில் உறுதியில்லை என்ற தகவலையே பாதி வழியில் தொலைத்துவிடுகிறோம். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

ரேடாரை மலிவான லைடாராக (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் சென்சார்) நினைத்துக்கொள்வதில் இது தொடங்குகிறது. லைடார் புள்ளியை ஓர் இடமாகவே எடுத்துக்கொள்ளலாம். ரேடார் புள்ளி அப்படியல்ல. 77 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கார் ரேடார் 1 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைவரிசையைப் பயன்படுத்தினால், 15 சென்டிமீட்டர் முன்பின்னாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்தறியும். கோணம் என்று வந்தால் நிலைமை வேறு. அனுப்பும் ஆன்டெனா 3, வாங்கும் ஆன்டெனா 4 உள்ள ஒரு சாதாரண சிப், கணக்கில் 12 ஆன்டெனாவுக்குச் சமம். அவை அரை அலைநீள இடைவெளியில் வரிசையாக அமைந்தால் கோணத்தில் பிரித்தறியும் திறன் சுமார் 9.5 டிகிரிதான். 50 மீட்டர் தூரத்தில் அது 8 மீட்டர் அகலம், அதாவது இரண்டு லேனுக்கு மேல். தனியாக நிற்கும் ஒரு பொருளின் கோணத்தை இதைவிட நன்றாகவே கணிக்கலாம். ஆனால் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் ஒரு பைக்கும் காரும் பக்கத்தில் பக்கத்தில் போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாக வரும்.

ஆக, ரேடாரின் பிழை குறுக்கே நீண்டு வளைந்த வாழைப்பழ வடிவம். கேமராவின் பிழை நம்மிலிருந்து நீளவாக்கில் போகும் ஊசி வடிவம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. இணைப்பதால் கிடைக்கும் லாபம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அளவுகளை அவற்றின் பிழைக்கேற்ப எடைபோட்டுச் சேர்க்கும் கணக்குமுறையான கால்மன் ஃபில்டரில் இரண்டு பிழைகளையும் ஒரே அளவு வட்டமாக எழுதி வைத்தால் அந்த லாபம் போய்விடும். எழுதச் சுலபமாக இருப்பதால் பலர் வட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

உயரத்திலும் இதே சிக்கல். வழக்கமான கார் ரேடார் உயரத்தை அளப்பதில்லை, அளந்தாலும் சுமாராகத்தான். அந்தப் புள்ளியைப் படத்தின் மீது ஒற்றை பிக்சலாகப் பதித்தால், மேடு பள்ளத்தில் அது பக்கத்துப் பொருளின் மேல் போய் உட்காரும். ரேடாரையும் கேமராவையும் இணைக்க 2021இல் வந்த சென்டர்ஃபியூஷன் முறை இதை நேர்மையாகக் கையாண்டது. ஒவ்வொரு ரேடார் புள்ளியையும் செங்குத்துத் தூணாக நீட்டி, கேமரா கண்டுபிடித்த பெட்டி முப்பரிமாணத்தில் எந்தப் பரப்புக்குள் இருக்க முடியுமோ அதற்குள் மட்டும் பொருத்தம் தேடியது.

அடுத்தது டாப்ளர், அதாவது திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ரேடார் அளக்கும் வேகம். ரேடார் சொல்லும் வேகம் பொருளின் முழு வேகம் அல்ல. ரேடாரை நோக்கியோ விலகியோ போகும் பங்கு மட்டும்தான். ஓட்டுநர் இல்லா கார் ஆய்வுக்காகப் பொதுவில் கிடைக்கும் நியூசீன்ஸ் தரவுத்தொகுப்பில் ரேடார் புள்ளிகளுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வேக எண்கள் இருக்கும். நம் காரின் ஓட்டத்தைக் கழித்த பிறகு கிடைப்பவை அவை. புதிதாக வருபவர்கள் அதைப் பொருளின் உண்மையான திசைவேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பார்வைக்கோட்டு வேகம் ஒன்றைத்தான் இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். நேர் குறுக்கே கடக்கும் வண்டிக்கு இரண்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும்.

அந்தப் பூஜ்யம் ஆபத்தானது. பாலம், பெயர்ப்பலகை, சாலையோரத் தடுப்பு எல்லாம் நிற்கும் பொருள்களே என்பதால், பொய்யாக பிரேக் போடாமல் இருக்க நிற்கும் புள்ளிகளைத் தள்ளிவிடுவது முன்னே போகும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் பழைய க்ரூஸ் கண்ட்ரோல் ரேடார்களின் பழக்கம். இந்தப் பழக்கத்தோடு இணைப்பைக் கட்டினால், நின்றுபோன லாரியும் குறுக்கே திரும்பும் டிரெய்லரும் பட்டியலிலேயே இருக்காது. 2016 மே மாதம் ஃப்ளோரிடாவில் வில்லிஸ்டன் அருகே ஒரு டெஸ்லா, சாலையைக் குறுக்கே கடந்த டிரெய்லரின் அடியில் புகுந்தது. கேமராவும் ரேடாரும் இருந்த கார்தான். குறுக்கே கடக்கும் வாகனத்தைக் கண்டறியும்படி அந்த அமைப்பு வடிவமைக்கப்படவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. வேகம் பூஜ்யம் என்பதற்காக மட்டும் ஒரு புள்ளியைத் தூக்கி எறியாதீர்கள். அதே இடத்தில் கேமரா என்ன பார்க்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நேரமும் பொருத்தமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூசீன்ஸ் காரில் கேமரா வினாடிக்கு 12 முறை, ரேடார் 13 முறை. இரண்டும் ஒரே கணத்தில் விழுவதில்லை. எதிரெதிரே 100 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு கார்களுக்கு நடுவே 50 மில்லிவினாடியில் 2.8 மீட்டர் குறைந்துவிடும். ஒவ்வொரு அளவையும் அது எடுக்கப்பட்ட நேரத்தோடு வைத்துக்கொண்டு, பொருளை அந்த நேரத்துக்கு நகர்த்திப் பிறகு ஒப்பிட வேண்டும். ரேடார் புள்ளிகள் குறைவு என்று பல சுற்றுகளைச் சேர்க்கும்போதும் இதே கவனம் தேவை. நம் ஓட்டத்தை மட்டும் திருத்தினால் ஓடும் கார் வால் முளைத்ததுபோல் நீளும். அப்புறம், பம்பரில் லேசான இடி பட்டாலே ரேடார் அரை டிகிரி திரும்பிவிடலாம். 100 மீட்டரில் அது கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். தொழிற்சாலையில் ஒரு முறை செய்த அளவுத்திருத்தத்தை நம்பாமல் ஓடும்போதே சரிபார்க்க வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு, அவசர முடிவு. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதியது, அவர் இறந்துபோனார். ரேடார் அவரை 5.6 வினாடிக்கு முன்பே பார்த்திருந்தது. கார் சுமார் 70 கி.மீ. வேகத்தில் வந்தது, அதாவது 100 மீட்டருக்கு மேல் இடம் இருந்தது. அப்புறம் லைடாரும் பார்த்தது. ஆனால் அமைப்பு அவரை வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும் அதுவரை பார்த்த நகர்வு வரலாறு கணிப்பிலிருந்து கழற்றிவிடப்பட்டது. அதனால் அவர் சாலையைக் கடந்துகொண்டிருக்கிறார் என்பதே கணக்கில் சேரவில்லை. என்ன பொருள் என்ற குழப்பம், எங்கே போகிறது என்ற தெளிவான தகவலை அழித்துவிட்டது. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருங்கள். பெயர் தெரியாத பொருளுக்கும் தடம் இருக்கலாம், பிரேக்கும் போடலாம்.

தரவிலிருந்து தானே கற்கும் நியூரல் நெட்வொர்க்கில் இதே தவறு ஓசையில்லாமல் நடக்கிறது. கேமரா பகுதி ஏற்கனவே நன்றாகப் பயிற்சி பெற்றது, ரேடார் பகுதி புதிது, புள்ளிகளும் சொற்பம். பயிற்சி கேமராவையே சார்ந்து போய், ரேடார் பெயருக்கு மட்டும் இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரேடார் உள்ளீட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி மதிப்பிடுங்கள். எண் அசையவில்லை என்றால் உங்களிடம் இருப்பது கேமரா அமைப்புதான். பயிற்சியின்போது சில நேரம் கேமராவை, சில நேரம் ரேடாரை மறைத்துவைப்பது இதற்குக் கைகொடுக்கும். மதிப்பீட்டில் சராசரித் துல்லியத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். ரேடார் தரும் பயன் முதலில் வேகப் பிழையில் தெரியும். நியூசீன்ஸில் மழைக் காட்சிகளும் இரவுக் காட்சிகளும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, 50 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருள்களை இன்னும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரேடாரோடு ஒரு முறை, ரேடார் இல்லாமல் ஒரு முறை என்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.