கோடையில் கிராப்பி: சின்னப் படகில் கிராங்க்பெயிட் இழுப்பது எப்படி?

ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்தில் வெயில் கொளுத்த ஆரம்பித்ததும், கிராப்பி என்ற ஏரி மீனைப் பிடிப்பவர்கள் பலர் தூண்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். வசந்த காலத்தில் முட்டையிடக் கரையோரப் புதர்களுக்கு வந்த மீன் அப்போது அங்கே இருக்காது. ஆனால் அது ஏரியை விட்டு எங்கும் போவதில்லை. ஷாட் என்ற சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு நடு ஏரிக்குப் போய், தரையையும் தொடாமல் மேலேயும் வராமல் அந்தரத்தில் நிற்கும். ஓடும் படகின் பின்னால் கிராங்க்பெயிட் என்ற பிளாஸ்டிக் மீனை இழுத்துக்கொண்டே போய் அதைப் பிடிப்பதுதான் இங்கே சொல்லப் போகும் முறை. இந்த மாநிலத்து எனிட் ஏரியில் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் கிராப்பிதான் அந்த இனத்தின் உலக சாதனை. அது கிடைத்ததும் 1957 ஜூலையில், இதே வெயிலில்.

டென்னசி மாநிலத்து மெம்பிஸில் இருக்கும் எனக்குப் பக்கத்தில் உள்ள ஏரிகளில் ஒன்று சார்டிஸ். காரில் ஒரு மணி நேரம் போல ஆகும். சார்டிஸ், எனிட், கிரனேடா, அர்க்கபட்லா நான்குமே வெள்ளத்தைத் தடுக்க ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கங்கள். நாலும் கிராப்பிக்குப் பேர்போனவை. கிராப்பியைப் பார்த்திராதவர்களுக்கு: ஜிலேபி மீன் போலத் தட்டையான உடம்பு, வெள்ளி நிறம், மேலே கரும்புள்ளி. வாய் மட்டும் மிக மெல்லிய சவ்வு. அதனால்தான் இங்கே அதைக் காகித வாய் என்கிறார்கள். இந்த வாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

முதலில் சாமான்

14 முதல் 16 அடி அலுமினியப் படகு போதும். பேட்டரியில் ஓடும் டிரோலிங் மோட்டார், ஆழமும் மீனும் காட்டும் சோனார், வேகம் காட்டும் ஜிபிஎஸ் வேண்டும். இப்போது சோனார் கருவிகள் பலவற்றில் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே வருகிறது. உயிர்காப்பு ஜாக்கெட்டைப் படகின் மூலையில் போட்டு வைக்காதீர்கள், உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு உரிமம். ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம், எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், குறைந்தது எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும். கிளம்பும் முன் மாநில வனவிலங்கு, மீன்வளத் துறையின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

ஆரம்பத்துக்கு நாலு தூண்டில் கோல் போதும். இரண்டு நீளமாக, 12 அடி போல. இரண்டு குட்டையாக, 8 அடிக்குள். நீளமானவை படகின் இருபுறமும் வெளியே நீட்டி நிற்கும், குட்டையானவை நேர் பின்னால். இப்படி விரித்து வைத்தால் தங்கூசிகள், அதாவது தூண்டில் நரம்புகள், ஒன்றோடொன்று சிக்காது. கோல் வளைந்து கொடுக்கிற ரகமாக இருக்கட்டும், விறைப்பானது மெல்லிய வாயைக் கிழித்துவிடும். தங்கூசி 10 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். பின்னல் நூல் கொஞ்சமும் இழுபடாது, மோனோ இழுபடும். அந்த நெகிழ்வும் வாயைக் காப்பாற்றும்.

காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் ரீல்தான். எத்தனை அடி தங்கூசி வெளியே போயிருக்கிறது என்று எண்ணிக் காட்டும் கவுண்டர் ரீல் வாங்குங்கள். இந்த முறையில் மீன் பிடிப்பது என்பதே, ஒரு மீன் எந்த வேகத்தில் எந்த ஆழத்தில் கடித்தது என்று தெரிந்துகொண்டு அதையே திரும்பச் செய்வதுதான். எண் தெரியாமல் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

கிராங்க்பெயிட்

இரண்டு அங்குல பிளாஸ்டிக் மீன். முன்னால் நாக்கு மாதிரி ஒரு தகடு, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள். சும்மா விட்டால் மிதக்கும். இழுத்தால் அந்தத் தகடு தண்ணீரைத் தள்ள, தலைகுனிந்து ஆடியபடி கீழே இறங்கும். இந்த ஏரிகளில் கிராப்பிக்காரர்கள் பெட்டியில் பேண்டிட் 300 என்ற கிராங்க்பெயிட் இல்லாமல் இருக்காது. நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாலு கோலில் நாலு நிறம் கட்டுங்கள், மீனே சொல்லிவிடும்.

ஏரியில் விடும் முன் ஒவ்வொன்றையும் படகின் ஓரமாக இழுத்துப் பாருங்கள். நேராக வர வேண்டும். உங்களை நோக்கி வரும்போது வலது பக்கமாக ஓடினால், தகடு உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, தங்கூசி கட்டும் வளையத்தைக் குறட்டால் இடது பக்கம் ஒரு நூலளவு வளையுங்கள். மறுபடி இழுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு காலை முழுக்க மூன்று தங்கூசிகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கோணலாக ஓடியது ஒன்றே ஒன்றுதான்.

ஆழத்தை அளக்கும் வழி

கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்கும். தலைக்கு மேலே போவதை ஏறி வந்து கடிக்கும், கீழே போவதற்கு இறங்குவது அபூர்வம். ஆகவே சோனாரில் மீன் 12 அடியில் தெரிந்தால் இரையை 10, 11 அடியில் ஓட்டுங்கள்.

சரி, தண்ணீருக்குள் இருக்கும் இரை எத்தனை அடியில் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? தங்கூசியை எவ்வளவு அதிகம் விடுகிறீர்களோ அவ்வளவு ஆழம் இறங்கும், ஒரு எல்லை வரை. தங்கூசி மெல்லியதானால் இன்னும் இறங்கும். அட்டவணைகள் இருக்கின்றன, ஆனால் உங்கள் தங்கூசியில் நீங்களே அளந்துவிடுவது நல்லது. கட்டையும் புதரும் இல்லாத, மெதுவாக மேடேறும் தரையாகப் பாருங்கள். ஒரே ஒரு கோலில் 80 அடி தங்கூசி விட்டு, ஆழத்திலிருந்து மேட்டை நோக்கி நேராக ஓட்டுங்கள். கோல் நுனி சீராகத் துடித்துக்கொண்டே வரும். ஓரிடத்தில் அந்தத் துடிப்பு மாறி, வெடுக் வெடுக்கென்று இடிக்கும். தகடு சேற்றைத் தொடுகிறது. இரை உங்களுக்கு 80 அடி பின்னால் இருப்பதால், அது தொட்ட இடத்தைப் படகு ஏற்கெனவே தாண்டியிருக்கும். எனவே 80 அடிக்கு முன்பு சோனார் காட்டிய ஆழத்தை ஜிபிஎஸ் தடத்தில் பாருங்கள். அதுதான் 80 அடி தங்கூசிக்கு உங்கள் இரை ஓடும் ஆழம். 100க்கும் 120க்கும் இப்படியே பார்த்து, மார்க்கரால் ரீலின் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை, பல வருஷத்துக்கு உதவும்.

ஓட்டுவது

மணிக்கு 1.7 மைலில் ஆரம்பியுங்கள். நிதானமாக நடப்பதற்கும் குறைந்த வேகம். 1.5க்கும் 2க்கும் இடையில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் மோட்டாரைக் குறைக்கணும், எதிர்த்தால் கூட்டணும். கண் ஜிபிஎஸ் மேலேயே இருக்கட்டும்.

படகு ஓட ஆரம்பித்த பிறகே தங்கூசியை ஒவ்வொன்றாக விடுங்கள், 70, 85, 100, 115 அடி என்று வித்தியாசமாக. இரண்டு மீன் ஒரே நீளத்தில் கடித்தால் மற்றவற்றையும் அதற்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

நேராக மட்டும் போகாதீர்கள். பாம்பு நெளிவதுபோல அகலமாக வளைந்து போங்கள். வளைவில் வெளிப்பக்க இரை வேகமெடுக்கும், உள்பக்க இரை தளர்ந்து சற்று மேலேறும். வெளிப்பக்கக் கோலில் அடித்தால் மீன் இன்னும் வேகம் கேட்கிறது. உள்பக்கத்தில் அடித்தால் குறைக்கச் சொல்கிறது. ஆனால் சட்டென்று குறுகலாகத் திரும்பினால் நாலும் பின்னிக்கொள்ளும்.

மீன் கடிக்கும்போது

கோல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நல்ல இரை இழுபடும்போது நுனி தையல் மெஷின் ஊசி மாதிரி விடாமல் துடிக்கும். துடிப்பு மந்தமானால் இலையோ பாசியோ மாட்டியிருக்கிறது, சுற்றிச் சுத்தம் செய்துவிட்டு விடுங்கள்.

மீன் அடித்தால் கோல் பின்னால் வளைந்து, வளைந்தபடியே நிற்கும். இங்கேதான் புதியவர்கள் கோலைப் பிடுங்கி ஓங்கி இழுப்பார்கள். வேண்டாம்! ஓடும் படகே முள்ளை ஏற்றிவிட்டது. நீங்கள் இழுத்தால் காகித வாய் கிழியும். கோலைத் தாங்கியிலிருந்து மெதுவாக எடுத்து, ஒரே சீராகச் சுற்றுங்கள். தங்கூசி ஒரு நொடிகூடத் தளரக் கூடாது. படகையும் நிறுத்தாதீர்கள், நின்றால் மற்ற மூன்று இரைகளும் மிதந்து மேலே வந்துவிடும். படகருகே வந்ததும் தூக்க வேண்டாம், கைவலையைத் தண்ணீரில் வைத்து மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். முள்ளை நீள மூக்குக் குறட்டால்தான் எடுக்கணும். துள்ளும் மீனின் வாயில் ஒரு மும்முனை முள் இருக்கும்போது இன்னொன்று உங்கள் விரலைத் தேடிக்கொண்டிருக்கும்.

வைத்துக்கொள்ளப் போகும் மீனை உடனே ஐஸில் போடுங்கள். இந்தச் சூட்டில் வாளித் தண்ணீரில் வைத்தால் சதை குழைந்துவிடும். விதிப்படி சின்னதாக இருந்தால் அளந்த கையோடு தண்ணீருக்குள் விட்டுவிடுங்கள்.

விடிவதற்குள் ஏரியில் இறங்கி, பத்து, பத்தரைக்குள் கரையேறிவிடுங்கள். அதற்கு மேல் வெயில் தாங்காது, மதியத்துக்கு மேல் இடி மழையும் சட்டென்று வரும். கரைக்கு வந்து படகை வண்டியில் ஏற்றும் முன், அன்று மீன் கடித்த வேகம், தங்கூசி நீளம், ஏரியின் எந்தப் பகுதி என்று மூன்றையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் போன சனிக்கிழமைக்கு எழுதியிருப்பது: 1.8, 95 அடி, அணைக்கு வடக்கே பழைய ஆற்றுப் பள்ளத்தின் ஓரம். இந்தச் சனிக்கிழமை அங்கிருந்தே ஆரம்பிக்கப் போகிறேன்.