விளம்பரத்தில் சொன்ன சதுர அடி சரிதானா? முன்பணம் கொடுக்கும் முன் நீங்களே அளந்து பார்க்கும் முறை

கீழக்கரையிலோ மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஒரு வீடு விலைக்கு வந்தால், "ஐந்தரை சென்ட் மனை, 1,200 சதுர அடி வீடு" என்ற செய்தி இன்று முதலில் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் பலர் அந்த இரண்டு எண்களை நம்பியே விலை பேசி, உள்ளூரில் இருக்கும் அண்ணன் மூலமாகவோ மச்சான் மூலமாகவோ முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். பத்திரம் பதிவான பிறகு மனை குறைகிறது என்று தெரிந்தால் மீட்பது கடினம். ஏனென்றால், பத்திரத்தில் எழுதிய பரப்புக்கும் நான்கெல்லைக்கும் (நான்கு பக்கமும் யார் நிலம், எந்தத் தெரு என்ற விவரம்) முரண் வரும்போது, நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லை விவரத்துக்கே முதலிடம் தருகின்றன. ஆகவே அளக்கும் வேலை முன்பணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் படி: எந்தச் சதுர அடி என்று கேளுங்கள்

வெளிச்சுவரின் வெளிப்புறம் வரை அளந்தால் அது பிளிந்த் ஏரியா. வெளிச்சுவரையும் பால்கனி, தாழ்வாரம், திறந்த மாடி ஆகியவற்றையும் விட்டுவிட்டு, உள்தடுப்புச் சுவர்களை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டால் அது கார்பெட் ஏரியா. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த இரண்டாவது அளவைத்தான் வரையறுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பதிவுக் கட்டாயம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் புதிய திட்டங்களுக்கு உரியது. நம் பகுதியில் கைமாறும் தனி வீடுகளில் பெரும்பாலானவை அதற்குள் வருவதில்லை. திண்ணையும், மாடிப்படியும், ஷீட் போட்ட முன்பகுதியும் அந்த 1,200க்குள் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காகிதங்களை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

பட்டாவையும் புலப்படத்தையும் (நில எல்லை வரைபடம்) தமிழக அரசின் இணைய சேவையில் எடுத்துவிடலாம். பத்திரத்தின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். பத்திரம் அடியிலும் சென்டிலும் பேசும், பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசும். பட்டாவில் "0 - 2.11" என்று இருந்தால் அது 2.11 ஏர், அதாவது 211 சதுர மீட்டர். அதை 10.764ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,271 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், விளம்பரத்தின் ஐந்தரை சென்ட் 2,396 சதுர அடி ஆகிறது. ஓர் அளவுநாடாவைக்கூடத் தொடாமல் 125 சதுர அடி இடிக்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும். பழைய பத்திரத்தில் பரப்பு குழியில் எழுதப்பட்டிருந்தால், குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அதை வைத்துக் கணக்குப் போடாமல் கிழமேல், தென்வடல் நீளங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மனையை மூலைவிட்டத்தோடு அளந்துவிடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது, பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். துணி டேப் இழுபடும் என்பதால் 30 மீட்டர் எஃகு டேப்பை வாங்கிக்கொள்ளுங்கள். பாம்பன் பக்கம் வீசும் காற்றில் டேப் தொய்ந்தாலோ வளைந்தாலோ அளவு கூடுதலாகக் காட்டும். எனவே காலை நேரத்தில், இருவர் இரு முனையிலும் தரையோடு இறுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். பனைமட்டை வேலியை எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலி ஆண்டுக்கு ஆண்டு நகரக்கூடியது. சர்வே கல்லைத் தேடுங்கள், மணல் மூடிக் கிடந்தால் தோண்டிப் பாருங்கள்.

தரகர்கள் கிழமேல் அளவுகள் இரண்டின் சராசரியை, தென்வடல் அளவுகள் இரண்டின் சராசரியால் பெருக்கிவிடுவார்கள். மனை சரியான செவ்வகமாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். கோணலாக இருந்தால் விடை எப்போதும் உண்மையான பரப்பைவிடக் கூடுதலாகவே வரும், ஒருபோதும் குறைவாக வராது. ஆகவே இந்தப் பிழை ஒவ்வொரு முறையும் வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.

ஒரு மனையின் தென்புறம் 40 அடி, கீழ்புறம் 60, வடபுறம் 38, மேல்புறம் 62 என்று வைத்துக்கொள்வோம். தரகர் கணக்கில் 39 பெருக்கல் 61, அதாவது 2,379 சதுர அடி. இப்போது தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு டேப்பைப் பிடியுங்கள். அது 62 அடி என்றால், மனை 40, 60, 62 அடிப் பக்கங்கள் கொண்ட ஒரு முக்கோணமாகவும், 38, 62, 62 கொண்ட இன்னொரு முக்கோணமாகவும் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள்; இங்கே இரண்டுக்கும் 81 வருகிறது. அந்தப் பாதியிலிருந்து பக்கங்களைத் தனித்தனியே கழித்து, கிடைக்கும் மூன்று எண்களையும் அந்தப் பாதியையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். முதல் முக்கோணம் 1,151, இரண்டாவது 1,121, ஆக மொத்தம் 2,272 சதுர அடி. பட்டா சொன்ன 2,271க்கு ஒட்டி வருகிறது; தரகர் கணக்கில் ஏறக்குறைய கால் சென்ட் காற்றில் இருந்திருக்கிறது.

அங்குலத்தில் ஓர் எச்சரிக்கை. 40 அடி 6 அங்குலம் என்பது 40.5 அடி, கால்குலேட்டரில் 40.6 என்று தட்டினால் தவறு. அங்குலத்தை 12ஆல் வகுத்த பிறகே சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: வீட்டை உள்ளேயும் வெளியேயும் அளந்துவிடுங்கள்

வெளியே 30க்கு 40 அடி என்றால் 1,200 சதுர அடி என்பது சரிதான். சுவர் ஒன்பது அங்குலம் என்றால், வெளிச்சுவர்களைக் கழித்தபின் உள்ளே 28.5க்கு 38.5, அதாவது 1,097 சதுர அடி இருக்கும். இந்தக் கடற்கரையில் பவளப்பாறையிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் வெளிச்சுவர் இரண்டடி அகலம் என்றால், அதே 1,200 சதுர அடி வீட்டுக்குள் 26க்கு 36, அதாவது 936 சதுர அடிதான் கிடைக்கும். அந்தச் சுவர்கள் வெயிலைத் தடுக்கும் அருமையான சுவர்கள், அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் அறைகளுக்கு என்று பேசும் விலையைச் சுவருக்கும் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். திறந்த முற்றத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வித்தியாசத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

உங்கள் அளவு பட்டாவோடு ஒத்துவரவில்லை என்றால், அத்து (எல்லை) காட்டித் தருமாறு நில அளவைக்கு விண்ணப்பிக்கும்படி உரிமையாளரையே கேளுங்கள். மறுத்தால் அந்த வீட்டைத் தள்ளிவையுங்கள். கடலை ஒட்டிய மனை என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகள் பொருந்தும் என்பதால், கட்டக்கூடிய பரப்பு எவ்வளவு என்பதையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

கிரய ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், மனைக்குச் சதுர அடி விலை இவ்வளவு என்றும், இறுதித் தொகை சர்வேயர் அளக்கும் பரப்பின்படியே தீர்மானிக்கப்படும் என்றும், நான்கு பக்க நீளங்களோடு மூலைவிட்டத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என இல்லாத நிலத்துக்கும் நூற்றுக்கு ஒன்பது ரூபாய் செலுத்த நேரிடும் என்பதால், பத்திர எழுத்தரிடம் தருவதற்கு முன் பரப்பை இன்னொரு முறை கணக்கிட்டு, வரைபடத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அதை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.