பஞ்சாங்கத்தில் எதைச் சோதிக்கலாம், எதைச் சோதிக்க இயலாது

பஞ்சாங்கத்தில் கிரகணம் பிடிக்கும் நேரமும், அப்போது உண்ணக் கூடாது என்ற விதியும், விட்டபின் நீராட வேண்டும் என்ற விதியும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருப்பதால், மூன்றையும் ஒருசேர நம்பவோ ஒருசேரத் தள்ளவோ மனம் முற்படும். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைச் சோதிப்பது எளிது. அறிவிக்கப்பட்ட நேரத்தை முதல் நாளே எழுதிவைத்து, மறுநாள் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்; எழுதிவைக்காமல் நினைவை நம்பினால் எந்தக் கணிப்பும் பலித்ததாகவே தோன்றும். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம், அட்டையில் இட்ட ஊசித்துளை வழியே தாளில் விழும் பிம்பமே போதும். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் வளையச் சூரியன் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. மேகம் விலகிய இடங்களில் இருந்தவர்கள் அதைத் தாங்களே பார்த்தார்கள்.

இத்தகைய சோதனை புதிதும் அன்று. சென்னை வானாய்வகத்தில் முன்னர் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட தம் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை (கணக்குக்கான எண்களை எழுத்துகளில் பொதிந்த சொற்றொடர்களை) கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவுசெய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை ஏறக்குறைய 4 நிமிடமே. அந்தத் திறமையை வியக்கும் அதே வேளையில், பிழையை நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்தது என்பதையும் கவனியுங்கள்: ஆசிரியரின் பெருமையோ மரபின் தொன்மையோ அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை, வானம் சொன்னது.

இரண்டு பஞ்சாங்கங்கள் முரண்படும்போது இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். சனி ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்கு மாறும் சனிப்பெயர்ச்சி, வானத்தோடு பொருந்தத் திருத்திய கணக்கான திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்தது. பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கிய முறைப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-இல்தான். திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பரில். சனி வானில் எங்கே இருக்கிறது என்பதைத் தொலைநோக்கியால் அளக்கலாம். ராசியின் எல்லையை எங்கே வைப்பது என்பது மனிதர் வகுத்த வழக்கு. எந்த நாளில் வழிபடுவது என்பது கோயிலின் மரபு. வழிபட வந்தவரிடம் தொலைநோக்கியை நீட்டுவது பொருத்தமற்ற செயல்.

உணவு விதிக்கு வருவோம். கிரகணத்தில் சோறு கெடும் என்பது பொருளைப் பற்றிய கூற்று, ஆகவே சோதனைக்கு உட்பட்டது. ஒரே வகைச் சோற்றைக் கிரகண நாளிலும் மற்றொரு நாளிலும் அதே வெப்பத்தில், அதே நேரம் வைத்துப் பாருங்கள். எது எந்த நாளுடையது என்று அறியாத ஒருவரை மதிப்பிடச் சொல்லுங்கள். "அந்தக் கேடு கண்ணுக்குத் தெரியாது" என்று யாரேனும் சொன்னால், எது நிகழ்ந்தால் தம் கூற்று தவறென்று ஒப்புக்கொள்வார் என்று பணிவாகக் கேளுங்கள். விடை இல்லையெனில் அது நம்பிக்கையின் பக்கம் போய்விட்டது. நீராடுவதோ தொடக்கத்திலிருந்தே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் எந்தக் கிரகணத்தையும் கணிப்பதில்லை. வானியலாளர் சொன்னதை நம்புகிறோம். அதுவும் நம்பிக்கைதானே என்று கேட்பவர்களுக்கு, வாக்கியக் கணக்கு வானத்தோடு பொருந்தாதபோது அதைத் திருத்த எழுந்ததே திருக்கணிதம் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.